கண்ணுக்குப் பழகட்டும்: தன்பால் காதலும் கேரளத்துப் படங்களும்

டிசம்பர் மாதத்துத் தம்பானூர். ஒரு பக்கம் திருவனந்தபுரம் சென்ட்ரல் ரயில் நிலையம், எதிரே கே.எஸ்.ஆர்.டி.சி. பேருந்து நிலையம். நாகர்கோவில் பஸ்ஸிலிருந்து பையும் குடையுமாக இறங்குகிறவர்கள் ஆட்டோக்களுக்கு நடுவே வழி தேடுகிறார்கள். அருகிலேயே கைரளி, ஸ்ரீ, நிளா என்று மூன்று திரையரங்குகளைக் கொண்ட அரசு வளாகம். திரைப்பட விழா நாட்களில் அதன் படிக்கட்டு முழுக்க, கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் கூட்டம். யாரோ பாடுகிறார்கள், யாரோ பதாகை பிடிக்கிறார்கள், யாரோ காலையில் பார்த்த படத்தைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். 2023 டிசம்பரில் இந்த விழாவில் 'காதல் தி கோர்' திரையிடப்பட்டது. மம்மூட்டி தன்பாலீர்ப்பாளராக நடித்த படம். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பு, 2016 டிசம்பரில், இதே விழாவுக்கு 'கா பாடிஸ்கேப்ஸ்' வந்தபோது நிலைமை வேறு. அதன் இயக்குநர் ஜெயன் செரியான், திரையை எட்டுவதற்குள் உயர் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. அந்தப் படத்தின் நாயகன் ஓர் ஓவியன். ஆண் உடலை வரைகிறவன், ஓர் ஆணைக் காதலிக்கிறவன்.

ஒரே நகரம், ஒரே விழா, ஒரே உரிமைக் குரல். ஒரு படத்துக்குப் பிற்பாடு மாநில விருது கிடைத்தது. மற்றொன்றுக்குத் தணிக்கைச் சான்றிதழே மறுக்கப்பட்டது. படம், ஓவியம், புகைப்படம், சுவர்ச்சித்திரம் ஆகியவற்றைக் கொண்டு தன்பாலீர்ப்பாளர்களுக்குச் சம உரிமை கேட்பவர்கள் எங்கே வெல்கிறார்கள், எங்கே நிறுத்தப்படுகிறார்கள் என்பதை இந்த வித்தியாசத்திலிருந்து புரிந்துகொள்ள முடியும். சமூகம் தனக்கு வேண்டியவர்களை மரியாதை செய்யச் சில படிமங்களை வைத்திருக்கிறது: கல்யாணப் புகைப்படம், தேர்தல் சுவரொட்டி, நாட்காட்டிப் படம். தன்பால் காதல் அந்தப் படிமங்களுக்குள் வந்து அமர்ந்தபோது கேரளத்தின் பார்வை அசைந்தது. ஆனால் அந்த வெற்றியோடு நின்றுவிட்டால், படிமத்துக்குள் அடங்காதவர்களைக் கைவிட்டதாகும். இக்கட்டுரை சொல்ல வருவது இந்த இரண்டையும் சேர்த்துத்தான்.

கிளிமானூரில் தொடங்கிய பாடம்

படம் மனதை மாற்றுமா என்று சந்தேகப்படுபவர்களுக்குத் திருவனந்தபுரத்திலேயே பதில் உண்டு. இந்த மாவட்டத்துக் கிளிமானூரில் 1848-இல் பிறந்த ரவிவர்மா, 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கித் தம் ஓவியங்களை வண்ணப் பிரதிகளாக வெளியிட்டார். அரண்மனைச் சுவரில் இருந்த சரஸ்வதியும் லட்சுமியும் சாதாரண வீட்டுக் கூடத்துக்கு வந்தார்கள். இன்று சரஸ்வதி என்றதும் கண்ணில் தோன்றும் முகம் பெரும்பாலும் அந்த அச்சகம் கொடுத்தது. கோயிலுக்குள் நுழைய முடியாத சாதியினரும் விலை கொடுத்து வாங்கி வீட்டில் மாட்டக்கூடிய தெய்வமாக அது ஆனது. எந்த முகம் கூடத்தில் மாட்டத் தகுந்தது, எது மறைக்கப்பட வேண்டியது என்பதைச் சட்டத்துக்கு முன்பே படங்கள் முடிவு செய்துவிடுகின்றன.

தன்பாலீர்ப்பாளர்கள் நெடுங்காலம் மறைக்கப்பட வேண்டியவர்களின் பக்கத்தில் இருந்தார்கள். மலையாள சினிமாவில் அவர்கள் இல்லாமல் இல்லை. 1978-இல் மோகன் இயக்கிய 'ரண்டு பெண்குட்டிகள்' இரு பெண்களின் நேசத்தைத் தொட்டது. 1986-இல் பத்மராஜனின் 'தேசாடனக்கிளி கரயாறில்லா' அதைச் சாவில் முடித்தது. கேரளத்தில் ஒரு மாணவி தற்கொலை செய்துகொண்ட செய்தி மனதை உலுக்க, லிஜி புல்லாப்பள்ளி 2004-இல் 'சஞ்சாரம்' எடுத்தார். பெண்ணைக் காதலித்த பெண் என்றால் அவளுடைய படம் செய்தித்தாளின் இறப்புச் செய்தியில்தான் வரும் என்றிருந்த காலம் அது. காதலித்து உயிரோடு வாழ்கிற இருவரின் முகம் எங்கேயும் காணக் கிடைக்காத ஊரில், அப்படி வாழ முடியும் என்று ஒரு பதினாறு வயதுப் பெண் எதைப் பார்த்து நம்புவாள்?

கல்யாணப் பந்தலில் இரு மணப்பெண்கள்

ஆதிலா நஸ்ரினும் பாத்திமா நூராவும் பள்ளிக் காலத் தோழிகள், பிறகு காதலர்கள். நூராவைக் குடும்பத்தார் அழைத்துச் சென்றபோது ஆதிலா கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். 2022 மே 31 அன்று, வயது வந்த இருவரும் விரும்பியபடி சேர்ந்து வாழலாம் என்று நீதிமன்றம் அனுமதித்தது. தீர்ப்பு சில நிமிடங்களில் முடிந்த விஷயம். அதே ஆண்டு அக்டோபரில் இருவரும் பட்டுடையும் நகையும் மாலையுமாக மணப்பெண்கள் போல நின்று எடுத்துக்கொண்ட புகைப்படங்கள் வெளிவந்தன. தீர்ப்பை வாசிக்காத லட்சக்கணக்கானவர்கள் அந்தப் படங்களைப் பார்த்தார்கள். சட்டப்படி அது திருமணமல்ல. இந்தியாவில் அப்படி ஒரு திருமணத்துக்குப் பதிவேடு இல்லை. ஆனால் அந்தப் படத்தில் அந்நியமான எதுவும் இல்லை. மலபாரிலும் குமரியிலும் எந்தக் கல்யாண ஆல்பத்திலும் இருக்கும் அதே ஒளி, அதே நாணம், தோளில் சாயும் அதே தலை. பார்ப்பவரின் கண்ணுக்குப் பழகிய எல்லாமே இருந்தன. பழகாதது ஒன்றே ஒன்று, மணமகனின் இடத்தில் இன்னொரு பெண் நின்றாள் என்பது. அந்த ஒன்றுதான் அந்தப் படத்தின் கோரிக்கை.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் கோழிக்கோட்டைச் சேர்ந்த திருநர் இணையர் ஜஹாத், ஜியா ஆகியோரின் கர்ப்பகாலப் புகைப்படங்கள் பரவின. கருவுற்றிருந்தவர் திருநம்பி. பாலின அடையாளமும் பாலீர்ப்பும் வேறு வேறு என்பது உண்மையே. ஆனால் குடும்பம் என்ற சொல்லுக்குள் யாருக்கு இடம் என்ற கேள்வி இருவருக்கும் பொது. அவர்களும் வயிற்றில் கைவைத்துச் சிரிக்கும் வழக்கமான வளைகாப்புப் படத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள். 2016-இலேயே கைத்தறிச் சேலை வடிவமைப்பாளர் ஷர்மிளா நாயர் தம் 'மழவில்' வரிசைக்குத் திருநங்கையரை மாடல்களாக நிறுத்தியிருந்தார். ஸ்டூடியோ ஒளியும் சேலை விளம்பரமும் கலையா என்று கேட்பவர்கள் உண்டு. ரவிவர்மாவின் அச்சுப் படங்களையும் அக்காலக் கலை ரசிகர்கள் அப்படித்தான் ஒதுக்கினார்கள். மக்கள் வீட்டுக்குள் எடுத்துச் செல்லும் படத்துக்கு இருக்கும் வலிமை, காட்சிக்கூடத்துக்குள் பூட்டிய ஓவியத்துக்கு எளிதில் வாய்ப்பதில்லை.

அந்தரங்கத்தை ஏன் ஊரறியக் காட்ட வேண்டும் என்பது இங்கே எழும் முதல் எதிர்ப்பு. நேர்மையாகக் கேட்பவர்களும் இதைக் கேட்கிறார்கள், ஆகவே நேர்மையாகவே பதில் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் ஆண்-பெண் திருமணம் எவ்வளவு அந்தரங்கமாக நடக்கிறது? பேருந்து நிறுத்தத்தில் ஃப்ளெக்ஸ், மண்டப வாசலில் வளைவு, நாளிதழில் விளம்பரம், ஊர் முழுக்க ஒலிபெருக்கி. மாப்பிள்ளையின் படத்தைச் சாலை நடுவே பத்தடி உயரத்துக்கு வைக்கும் சமூகம் காதலை அந்தரங்கம் என்று கருதுவதில்லை. தனக்கு ஒப்பில்லாத காதலை மட்டும் அந்தரங்கம் என்கிறது. எல்லோருடைய கல்யாணமும் வீட்டுக்குள் நடக்கும் நாளில் இந்த எதிர்ப்பை ஏற்றுக்கொள்ளலாம்.

───────────────
பெட்டிச் செய்தி: தீர்ப்புகளின் தடம்

1860: பிரிட்டிஷ் ஆட்சி இயற்றிய இந்திய தண்டனைச் சட்டத்தில் 377-ஆவது பிரிவு.

2009 ஜூலை 2: வயது வந்தோரின் விருப்ப உறவு குற்றமல்ல என டெல்லி உயர் நீதிமன்றம்.

2013 டிசம்பர் 11: அத்தீர்ப்பை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

2015: இந்தியாவில் முதல் மாநிலமாகக் கேரளம் திருநர் கொள்கையை வெளியிட்டது.

2018 செப்டம்பர் 6: விருப்ப உறவைக் குற்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் நீக்கியது.

2023 அக்டோபர் 17: தன்பால் திருமணத்தை அங்கீகரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்தது.
───────────────

விருது பெற்ற காதல், விலக்கப்பட்ட உடல்

ஜியோ பேபி இயக்கிய 'காதல் தி கோர்' 2023 நவம்பர் 23 அன்று வெளியானது. கிராமத்தில் மதிப்போடு வாழும் மாத்யூ தேவஸ்ஸி, இடதுசாரிக் கட்சியின் சார்பில் உள்ளாட்சி இடைத்தேர்தலில் நிற்கிறார். அந்த நேரத்தில் மனைவி ஓமனா விவாகரத்து கேட்டு நீதிமன்றம் போகிறாள். கணவன் தன்பாலீர்ப்பாளர் என்பதே காரணம். மனைவியாக ஜோதிகா. படத்தைத் தயாரித்ததும் மம்மூட்டியின் நிறுவனமே. ஐம்பதாண்டுக் காலமாகக் கேரளக் குடும்பங்கள் அண்ணனாக, அப்பனாக, போலீஸ் அதிகாரியாகப் பார்த்துப் பழகிய முகம், தேர்தல் சுவரொட்டியில் கைகூப்பி நிற்கிறது. பார்வையாளர்களுக்கு அவர் யாரென்று தெரிந்த பிறகும் அந்தச் சுவரொட்டி கிழியவில்லை. ஓமனாவின் வழக்கைப் படம் பகையாகக் காட்டவில்லை என்பது இன்னும் முக்கியம். பொய்யான கல்யாணத்தில் இருபதாண்டு சிறைப்பட்டவள் அவளும்தான். தன்பாலீர்ப்பாளருக்கு உரிமை கொடுத்தால் பெண்ணுக்கு நஷ்டம் என்போருக்கு, உரிமை மறுத்ததால் நஷ்டப்பட்ட பெண்ணைப் படம் காட்டியது. குவைத்திலும் கத்தாரிலும் வெளியிட அனுமதி கிடைக்கவில்லை. கேரள அரசு 2023-இன் சிறந்த படமாக அதைத் தேர்ந்தெடுத்தது.

'கா பாடிஸ்கேப்ஸ்' படத்தின் கதி வேறு. தன்பாலின உறவை உயர்த்திப் பிடிக்கிறது, ஆண் உடலை ஓவியங்களில் நிர்வாணமாகக் காட்டுகிறது, அனுமனை இழிவாகச் சித்திரிக்கிறது என்றெல்லாம் காரணம் சொல்லித் தணிக்கை வாரியம் சான்றிதழ் மறுத்தது. கவனித்துப் பார்த்தால், கதையை விட அதற்குள் இருந்த ஓவியங்களே வாரியத்தை அதிகம் உறுத்தின. 'காதல்' படத்தில் மாத்யூவும் அவர் நேசிக்கும் தங்கனும் ஒருவரையொருவர் தொடுவதுகூட இல்லை. இந்தக் குறையைக் குயர் விமர்சகர்கள் அப்போதே சொன்னார்கள், அதில் நியாயம் இருக்கிறது. கண்ணியமான, நடுத்தர வயது, சொத்துள்ள, தேவாலயம் செல்லும் ஆணுக்கு மட்டும் அனுதாபம் கிடைத்தால், குரல் உரத்தவர்களும் ஏழைகளும் உடலைக் கொண்டாடுபவர்களும் முன்னைவிடக் கூடுதலாகத் தனித்துப்போவார்கள்.

இருந்தும் 'காதல்' செய்த வேலையைச் சிறிதென்று தள்ள முடியாது. கோட்டயம் பக்கத்துக் கிராமத்துத் தாய் ஒருத்தி தன் மகனைப் பற்றிப் பேச வாய் திறப்பதற்கு அப்படி ஒரு படம் தேவைப்பட்டது. படம் வந்த அதே டிசம்பரில், கோழிக்கோடு ஃபரூக் கல்லூரியில் பேச அழைக்கப்பட்டிருந்த ஜியோ பேபியின் நிகழ்ச்சி, அவர் கருத்துகள் கல்லூரியின் ஒழுக்க மதிப்பீடுகளுக்கு ஒவ்வாதவை என்று மாணவர் சங்கம் சொன்னதைத் தொடர்ந்து ரத்தானது. தொடுதலே இல்லாத படத்துக்கு இந்த எதிர்ப்பு என்றால், ஆடையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டிக்கொண்டால் ஏற்பார்கள் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. ஆகவே அடக்கமான படத்தையும் அடங்காத படத்தையும் ஒன்றுக்கொன்று போட்டியாக நிறுத்துவது தவறு. அடக்கமான படத்துக்கு விருது கொடுக்கும் அரசு, அடங்காத படத்தின் உரிமைக்காகவும் நிற்க வேண்டும்.

ஆபாசம் என்ற குற்றச்சாட்டுக்குக் கேரளத்தின் சொந்த வரலாறே சாட்சி. 1969-இல் கானாயி குஞ்ஞிராமன் மலம்புழா அணைக்கட்டுப் பூங்காவில் ஆடையற்ற யட்சியைச் செதுக்கியபோது எதிர்ப்பு வலுவாக இருந்தது. இன்று குழந்தைகளோடு குடும்பங்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கின்றன. சங்குமுகம் கடற்கரையில் அவர் செய்த சாகர கன்யகாவும் திருவனந்தபுரத்தின் அடையாளமாகிவிட்டது. பெண்ணுடல் கல்லாகக் கிடந்தால் சுற்றுலா, ஆணுடல் ஓவியமாக நின்றால் தடை என்பது ஒழுக்க நெறி ஆகாது. யார் பார்க்க, யார் பார்க்கப்பட என்ற பழைய ஏற்பாட்டைக் காப்பாற்றும் முயற்சி அது.

முகம் காட்டுவதன் விலை

அடுத்த எதிர்ப்பு உரிமை கேட்பவர்களின் பக்கத்திலிருந்தே வருவது, ஆகவே இன்னும் கனமானது. படம் எடுப்பவர் போய்விடுவார், படத்தில் இருப்பவர் அதே தெருவில் வாழ வேண்டுமே என்பது அது. சுனில் குப்தா 1987-இல் 'எக்ஸைல்ஸ்' என்ற தொடரில் டெல்லியின் தன்பாலீர்ப்பு ஆண்களை நினைவுச் சின்னங்களுக்கும் பூங்காக்களுக்கும் நடுவே படம் எடுத்தார். பலர் முதுகு காட்டி நிற்கிறார்கள், சிலரின் தலை சட்டகத்துக்கு வெளியே. முகம் தெரிந்தால் வேலையும் வீடும் போகும். அந்த அச்சம் ஆதாரமற்றதல்ல. 2012 ஜனவரியில் ஓவியர் பல்பீர் கிருஷன் டெல்லி லலித் கலா அகாதெமியில் தம் கண்காட்சி நடந்துகொண்டிருந்தபோதே தாக்கப்பட்டார். இரு கால்களையும் விபத்தில் இழந்தவர் அவர். அதே ஆண்டு மார்ச்சில் டெல்லி அலியான்ஸ் பிரான்சேஸில் நடந்த சுனில் குப்தாவின் கண்காட்சியை, ஒரு புகாரின் பேரில் போலீஸ் மூட வைத்தது. அப்போது உயர் நீதிமன்றத் தீர்ப்பின்படி அவர்களின் வாழ்க்கை குற்றமாகவும் இல்லை. 2018-இல் 377 வீழ்ந்து மூன்று மாதங்களில் தொடங்கிய கொச்சி-முசிரிஸ் பினாலேயில் அதே சுனில் குப்தாவும் சரண் சிங்கும் எடுத்த படங்கள் வைக்கப்பட்டன. இம்முறை முகங்கள் நேராகப் பார்த்தன, வாழ்க்கைக் கதைகளும் சேர்ந்திருந்தன.

முகம் காட்டுவது கட்டாயமாகக் கூடாது. அதை எப்படித் தவிர்க்கலாம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. பொள்ளாச்சியில் பிறந்த கவிஞரும் ஓவியருமான கல்கி சுப்ரமணியம் முன்னெடுத்த 'சிவப்புச் சுவர்' திட்டத்தில், பாலியல் வன்முறைக்கு ஆளான திருநர்கள் தமக்கு நேர்ந்ததைத் தம் கையெழுத்தில் எழுதி, சிவப்புச் சாயம் தோய்த்த உள்ளங்கையைப் பதித்தார்கள். தாள்கள் வரிசையாகச் சுவரில். முகம் இல்லை, சாட்சி இருக்கிறது. பாதிக்கப்பட்டவரைக் காட்சிப் பொருளாக்காமல் அவரையே கலைஞராக்குகிற வழி இது. குயீரளா என்ற கேரளத்துக் குயர் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜிஜோ குரியாக்கோஸ் தாமே ஓவியர் என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். வெளியே இருந்து வந்து வரைந்து கொடுக்கும் கருணையை விட, உள்ளிருப்பவரின் தூரிகைக்குப் பொறுப்பு அதிகம், பிழை குறைவு.

───────────────
பெட்டிச் செய்தி: படங்கள் பேசிய இடங்கள்

கொழும்பு: புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் (1900–1944) எடுத்த ஆண் உடல் படங்கள் இன்று தெற்காசியக் கலையின் முன்னோடிப் படைப்புகளாக மதிக்கப்படுகின்றன. தன்பால் உறவைத் தண்டிக்கும் காலனியச் சட்டம் இலங்கையில் இன்னும் நீக்கப்படவில்லை.

சான் பிரான்சிஸ்கோ, 1978: கில்பர்ட் பேக்கர் வடிவமைத்த வானவில் கொடி முதன்முதலில் பறந்தது. அப்போது எட்டு நிறங்கள்.

பரோடா: பூபேன் கக்கர் (1934–2003), கணக்காளர் வேலை பார்த்துக்கொண்டே வரைந்தவர். 1982-இல் வரைந்த 'டூ மென் இன் பனாரஸ்' 2019-இல் லண்டன் ஏலத்தில் சுமார் 25 லட்சம் பவுண்டுக்கு விலைபோனது.

வாஷிங்டன், 1987: எய்ட்ஸில் இறந்தவர்களின் பெயர்களைத் தைத்த 1,920 துணிப் பலகைகள் நாடாளுமன்றத்துக்கு எதிரே விரிக்கப்பட்டன.
───────────────

படம் சட்டம் ஆகுமா?

'காதல்' வெளியாவதற்கு ஐந்து வாரம் முன்புதான் உச்ச நீதிமன்றம் தன்பால் திருமணத்துக்கு அங்கீகாரம் மறுத்திருந்தது. மறு ஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின. விருதும் கைதட்டலும் வந்து என்ன பயன், துணைவர் மருத்துவமனையில் கிடந்தால் கையெழுத்துப் போட உரிமை இல்லையே என்று கேட்டால், கேள்வி சரியானது. படம் வாரிசுரிமை தராது. காப்பீட்டுப் படிவத்தில் பெயர் சேர்க்காது. அதைச் செய்ய வேண்டியது நாடாளுமன்றம். படத்தைக் காட்டி அந்தக் கடமையை யாரும் தட்டிக் கழிக்க முடியாது.

ஆனால் சட்டம் எழுதுகிறவர்களும் தீர்ப்பு சொல்கிறவர்களும் கண்ணுள்ள மனிதர்கள். 2021-இல் ஒரு பெண் இணையரின் வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தமக்கு இவர்களைப் பற்றிப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் ஆலோசகரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே உத்தரவு பிறப்பித்தார். 2025 மே மாதம் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, மண உறவு மட்டுமே குடும்பத்தை உருவாக்கும் வழியல்ல, தாமே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்றது. பார்த்துப் பழகிய பிறகு புரிதலும், புரிந்த பிறகு உரிமையும் வருகின்றன. எல்லா நீதிபதிக்கும் ஆலோசகர் வாய்க்கமாட்டார். ஊராட்சி உறுப்பினருக்கும், காவல் நிலைய எழுத்தருக்கும், பள்ளித் தலைமை ஆசிரியருக்கும் அந்த முதல் அறிமுகத்தைக் கொடுக்கக்கூடியது அவர்கள் தினமும் கடந்து செல்லும் படம்தான்.

கலாச்சாரத்துக்கு அந்நியம் என்பவர்களுக்குப் பதிலாகக் கோயில் சிற்பங்களைக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. அந்த வாதம் தேவையில்லை. முன்னோர் கல்லில் செதுக்கினார்களா இல்லையா என்பதைப் பொறுத்து இன்று ஒருவரின் உரிமை அமையக் கூடாது. தீண்டாமைக்கு ஆயிரம் ஆண்டு மரபு இருந்தது. அதற்காக அதைக் காப்பாற்றவில்லை. அந்நியம் எது என்று கணக்கெடுத்தால் 1860-ஆம் ஆண்டுச் சட்டம்தான் முதலில் நிற்கும்.

தம்பானூரில் ஒரு சுவர்

திருநர் விஷயத்தில் கேரளம் வேகமாக நகர்ந்ததற்குக் காரணம், அரசு கொள்கையோடு நிற்காமல் அவர்களைக் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைத்தது. 2017-இல் கொச்சி மெட்ரோ திருநர்களைப் பணிக்கு எடுத்தபோது, டிக்கெட் கவுன்ட்டருக்குப் பின்னால் சீருடையில் அமர்ந்த அந்தப் படம் நாடு முழுக்கப் பரவியது. எல்லோரும் வேலையில் நீடிக்க முடியவில்லை. வீடு வாடகைக்குக் கிடைக்காமல் சிலர் விலகினார்கள். கவுன்ட்டரில் பார்த்துப் பழகிய ஊர் அடுத்த வீட்டில் பார்க்கப் பழகவில்லை. படம் ஒரு முறை வந்தால் போதாது, தொடர்ந்து வர வேண்டும், எல்லா இடத்திலும் வர வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். தன்பாலீர்ப்பு ஆண்களுக்கும் பெண்களுக்கும் அந்த அளவுக்குக்கூட எந்த மாநில அரசும் செய்யவில்லை. கேரளத்தின் 2015 கொள்கை திருநர்களுக்கானது. தமிழ்நாடு 2025-இல் வெளியிட்ட கொள்கையும் அவ்வாறே.

செய்ய வேண்டியது பெரிய செலவுள்ள காரியமும் இல்லை. மாவட்டச் சுற்றுலா மேம்பாட்டுக் கழகம் 'ஆர்ட்டீரியா' என்ற பெயரில் திருவனந்தபுரத்தின் சுவர்களை ஓவியர்களிடம் ஒப்படைத்த அனுபவம் இந்த நகரத்துக்கு ஏற்கெனவே உண்டு. பெங்களூரில் 2016-இல் பூர்ணிமா சுகுமார் தொடங்கிய அரவாணி ஆர்ட் ப்ராஜெக்ட், திருநங்கையரைச் சாரத்தில் ஏற்றி நகரச் சுவர்களை வரைய வைத்தது. 2024-இல் அவர்கள் வெனிஸ் பினாலேயில் சுவர் வரைந்தார்கள். வெனிஸ் இடம் கொடுத்தவர்களுக்குத் தம்பானூரில் இடம் இல்லாமலா போகும்? தினமும் பல்லாயிரம் பேர் கடக்கும் ரயில் நிலையத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் இடையே ஒரு சுவரை, தன்பாலீர்ப்பு ஓவியர்கள் தாங்களே தீர்மானித்து வரைய, கேரள லலித கலா அகாதெமியும் மாநகராட்சியும் சேர்ந்து ஒதுக்கட்டும். யாரேனும் அதன்மேல் தார் பூசினால் மறுநாளே அரசுச் செலவில் திரும்ப வரையப்படும் என்று அறிவிக்கட்டும். 'காதல்' படத்துக்கு விருது கொடுத்த அரசிடம் இதைக் கேட்பது பேராசை ஆகாது. சென்னையும் மதுரையும் நாகர்கோவிலும் அதே கோரிக்கையைத் தங்கள் மாநகராட்சிகளிடம் இந்த ஆண்டே வைக்க வேண்டும்.